கையில் ஃபோன், லேப்டாப்பில் ஸ்வரம்: உடலசைவால் இசை செய்யத் தொடங்குவோருக்கு

ஃபோனைக் கையில் பிடித்து மேலும் கீழும் சாய்த்தால் லேப்டாப்பில் மோகன ராக ஸ்வரங்கள் ஏறி இறங்க வேண்டும். கை நின்றால் ஒலியும் நிற்க வேண்டும். இந்தக் கட்டுரையைப் பார்த்துச் செய்து முடித்தால் உங்களிடம் இருக்கப்போவது அவ்வளவுதான். சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் பாடகி இமோஜன் ஹீப் மேடையில் மாட்டிக்கொள்ளும் சென்சார் கையுறைக்குள் நடப்பதும் இதே வேலைதான்: அசைவு எண்ணாகிறது, எண் ஒலியாகிறது.

ஃபோனும் லேப்டாப்பும் ஏற்கெனவே இருந்தால் தனியாகச் செலவு இல்லை. புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கூட்டல் பெருக்கல் போதும். சங்கீதம் கொஞ்சம் தெரிந்திருந்தால் வசதி.

இது நேற்று வந்த யோசனை இல்லை. ரஷ்யாவின் லியோன் தெரமின் 1920 வாக்கில் செய்த வாத்தியத்தை யாரும் தொடுவதே கிடையாது. ஒரு ஆன்டெனாவை நோக்கிக் கை போகப் போக ஸ்வரம் ஏறும், இன்னொன்றை நெருங்கினால் ஒலி அடங்கும். 1965-ல் நியூயார்க்கில் ஜான் கேஜும் மெர்ஸ் கன்னிங்ஹாமும் மேடையில் ஆன்டெனாக்களையும் ஒளிக்கற்றைகளையும் வைத்து, ஆடுபவர்களின் நகர்வே ஒலியைக் கிளப்பும்படி ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். 1980-களில் கனடாவின் டேவிட் ராக்பி கேமராவையும் கணினியையும் வைத்து, வெறும் காற்றில் உடல் அசைந்தாலே இசை வரும் அமைப்பைச் செய்தார். அவர்கள் பட்டறையில் உட்கார்ந்து உருவாக்கியவற்றைப் போல அசைவை அளக்கும் சென்சார்கள் இன்று நம் சட்டைப் பையில் இருக்கின்றன. மிச்சமிருக்கும் வேலை, எந்த அசைவு எந்த ஒலியை ஆட்ட வேண்டும் என்று முடிவு செய்வது. இந்தத் துறையில் இருப்பவர்கள் அதை மேப்பிங் என்பார்கள். என்னைக் கேட்டால் வாத்தியமே அதுதான்.

ஃபோனா, கேமராவா?

கேமராவில் தொடங்கத்தான் எல்லோருக்கும் ஆசை. கையில் ஒன்றும் இல்லாமல் ஆடுவது பார்க்க நன்றாக இருக்கும். இருந்தாலும் முதலில் ஃபோனை எடுங்கள். வெளிச்சம் குறைந்தால் கேமரா தடுமாறும், பின்னால் யாராவது நடந்து போனாலும் குழம்பும். ஃபோனுக்குள் முடுக்கத்தை அளக்கும் அக்ஸலரோமீட்டருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. வினாடிக்கு 50 முறையோ அதற்கு மேலோ சத்தமில்லாமல் எண்களைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கேமரா விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

ஒலிக்கு முன் எண்கள்

ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் செய்த ஃபைஃபாக்ஸ் (phyphox) என்ற இலவசச் செயலியை ஃபோனில் ஏற்றுங்கள். அதில் முடுக்கத்தை ஈர்ப்பு விசையோடு சேர்த்துக் காட்டும் பகுதியைத் திறந்து, ஃபோனைத் திரை மேலே பார்க்க மேசைமேல் வையுங்கள். எக்ஸ், ஒய் இரண்டும் 0-வை ஒட்டி நிற்கும், இசட் மட்டும் 9.8 காட்டும். அது பூமியின் ஈர்ப்பு. ஃபோனின் தலைப்பக்கத்தை மெல்லத் தூக்கி நேராக நிமிர்த்துங்கள். இசட் குறைந்து 0-வுக்கு வர, ஒய் ஏறி 9.8 ஆகும். தலைகீழாகப் பிடித்தால் ஒய் -9.8.

இப்போது ஃபோனை ஒரு உதறு உதறுங்கள். மூன்று கோடுகளும் துள்ளி 20, 30 என்று போய்விட்டுத் திரும்பும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். மெதுவாகச் சாய்ப்பது வழவழப்பான, தொடர்ச்சியான எண்களைத் தரும். அது ஸ்வரத்துக்கு நல்லது. உதறுவது ஊசி முனையாக ஒரு துள்ளலைத் தரும். அது தாளத் தட்டுக்கு நல்லது. சிக்கல் ஒன்று உண்டு: சாய்வையும் வேக மாற்றத்தையும் இந்தச் சென்சாரால் தனித்தனியாகப் பார்க்க முடியாது. வேகமாகக் கை வீசினால் சாய்வு எண்ணும் சேர்ந்தே கலங்கும். பின்னால் இது நம்மைப் படுத்தும்.

அதே செயலியில் கைரோஸ்கோப்பையும் பாருங்கள். ஃபோன் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை அது சொல்லும். கை அசையாவிட்டால் 0. மணிக்கட்டைத் திருப்பினால் 1, 2, 3 என்று ஏறும். விலை குறைந்த சில ஃபோன்களில் கைரோ இருக்காது, அதற்கும் வழி இருக்கிறது.

ஃபோனிலிருந்து லேப்டாப்புக்கு

இந்த எண்கள் வைஃபை வழியாக லேப்டாப்புக்குப் போக வேண்டும். அதற்கான மொழி ஓஎஸ்சி. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1997-ல் உருவானது, இன்றும் இந்த உலகத்தில் எல்லோரும் பேசும் மொழி. ஆண்ட்ராய்டில் சென்சர்ஸ்-டு-ஓஎஸ்சி (Sensors2OSC), ஐஃபோனில் ஜைர்-ஓஎஸ்சி (GyrOSC) போன்ற செயலிகள் சென்சார் எண்களை இந்த மொழியில் அனுப்பும்.

செயலி இரண்டு விவரம் கேட்கும். ஒன்று லேப்டாப்பின் ஐபி முகவரி. லேப்டாப்பின் வைஃபை அமைப்புகளில் கிடைக்கும். மற்றொன்று போர்ட் எண், அதாவது எண்கள் லேப்டாப்புக்குள் நுழையும் வாசலின் எண். 9000 என்று வைத்துக்கொள்வோம். ஃபோனும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். வீட்டில் வைஃபை இல்லையென்றால் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்தாலே போதும், இன்டர்நெட் தேவையே இல்லை. விண்டோஸில் ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுத்துவிடுங்கள். எண்கள் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளும்போது பெரும்பாலும் அந்த அனுமதிதான் காரணமாக இருக்கும்.

லேப்டாப்பில் பியூர் டேட்டா வேண்டும். மில்லர் பக்கெட் 1990-களில் எழுதிய இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வெள்ளைத் திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளைப் போட்டு, ஒன்றின் அடியிலிருந்து அடுத்ததன் தலைக்குக் கோடு இழுப்பதுதான் இதில் வேலை. கன்ட்ரோலும் 1-ம் சேர்த்து அழுத்தினால் புதிய பெட்டி. கன்ட்ரோலும் 3-ம் எண் காட்டும் பெட்டி. கன்ட்ரோலும் ஈ-யும் திருத்தும் நிலைக்கும் இயக்கும் நிலைக்கும் மாற்றும். பெட்டிகளின் பெயரை இங்கே உச்சரிப்பில் தருகிறேன் (குழப்பமானவற்றுக்கு ஆங்கில எழுத்தும்), நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். பெயருக்குப் பின்னால் ~ என்ற அலைக்குறி இருந்தால் அது ஒலிப் பெட்டி. எந்தப் பெட்டியின் மேலும் வலது கிளிக் செய்து உதவியைத் திறந்தால், வேலை செய்யும் மாதிரியே அங்கே இருக்கும்.

முதல் பெட்டி நெட்ரிசீவ் (netreceive). அதே பெட்டிக்குள் இடைவெளி விட்டு -u -b 9000 என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் கீழே ஓஎஸ்சிபார்ஸ் (oscparse), அதன் கீழே பிரிண்ட். ஃபோனை அசைத்தால் பியூர் டேட்டாவின் இன்னொரு சாளரத்தில் வரிகள் ஓட வேண்டும். ஓடினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அந்த வரிகளை நிதானமாகப் படியுங்கள். செயலிக்குச் செயலி பெயர் மாறும். சிலது மூன்று எண்களையும் ஒரே வரியில் அனுப்பும், சிலது தனித்தனியாக. சில செயலிகளில் ஈர்ப்பு 9.8 ஆகவும் சிலதில் 1 ஆகவும் வரும். கூட்டல் கழித்தல் குறியும் தலைகீழாக இருக்கலாம். 1 என்று வந்தால் 9.8-ஆல் பெருக்கிவிடுங்கள், மீதிக் கணக்கு அப்படியே பொருந்தும். இனி பிரிண்டுக்குப் பதிலாக லிஸ்ட் டிரிம் (list trim, இதில் மட்டும் நடுவில் இடைவெளி உண்டு), அதன் கீழே ரூட் (route) என்று போட்டு, ரூட்டுக்குப் பக்கத்தில் வரியில் கண்ட பெயரை எழுதினால் உங்களுக்கு வேண்டிய எண் மட்டும் பிரிந்து வரும். மூன்றும் ஒன்றாக வந்தால் அன்பேக் பெட்டியில் எஃப் எஃப் எஃப் என்று போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள் (unpack f f f).

முதல் ஒலி

ஒய் எண்ணை எடுத்துக்கொள்வோம். அது -9.8 முதல் 9.8 வரை போகும். மிடி என்ற 1983-ம் ஆண்டு ஏற்பாட்டில் ஸ்வரங்களுக்கு 0 முதல் 127 வரை எண் உண்டு. 60 என்பது ஹார்மோனியத்தில் 1 கட்டை சுருதியின் ஸ. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே 48, ஒரு ஸ்தாயி மேலே 72. ஆக, 9.8-ஐக் கூட்டு, 19.6-ஆல் வகு, 24-ஆல் பெருக்கு, 48-ஐக் கூட்டு. +, /, *, + என்ற குறிகளோடு நான்கு பெட்டிகள். ஃபோன் கிடையாக இருந்தால் 60, நிமிர்ந்தால் 72, தலைகீழானால் 48.

அதன் கீழே எம்டாஃப் (mtof). மிடி எண்ணை அதிர்வெண்ணாக மாற்றும். அடுத்து பேக் 0 20 (pack 0 20), லைன்~ (line~), ஆஸ்க்~ (osc~), பெருக்கல்~ 0.1 (*~ 0.1), கடைசியில் டாக்~ (dac~). டாக்~ பெட்டியின் இரண்டு வாய்க்கும் கோடு இழுங்கள், இல்லாவிட்டால் ஒரு காதில்தான் கேட்கும். லைன்~ பெட்டி இல்லாமலும் ஒலி வரும். ஆனால் எண் மாறும் ஒவ்வொரு முறையும் படிக்கட்டில் டப்பா உருள்வதுபோல ஒரு கரகரப்பு கேட்கும். 20 மில்லி வினாடியில் வழுக்கிப் போகச் சொன்னால் அது போய்விடும்.

0.1 என்ற பெருக்கலை மறக்கவே வேண்டாம். அது இல்லாமல் ஹெட்ஃபோன் மாட்டினால் காதுக்கு ஆபத்து. முதல் தடவை ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேளுங்கள். கன்ட்ரோலும் / குறியும் ஒலியைத் திறக்கும், கன்ட்ரோலும் புள்ளியும் மூடும்.

சாய்வு ஏன் சமமாக ஏறவில்லை?

கொஞ்ச நேரம் வாசித்தால் ஒன்று உறுத்தும். கிடைநிலைக்குப் பக்கத்தில் ஃபோனைத் தொட்டாலே ஸ்வரம் ஓடுகிறது. நிமிர்த்தி வைத்தபின் எவ்வளவு சாய்த்தாலும் அசைய மாட்டேன் என்கிறது. சென்சாரில் கோளாறு இல்லை. அது கோணத்தை அளக்கவில்லை, கோணத்தின் சைனை அளக்கிறது. 30 டிகிரி தூக்கினாலே 4.9 வந்துவிடும், அதாவது பாதி. 60 டிகிரியில் 8.5. கடைசி 30 டிகிரிக்கு மிஞ்சுவது 1.3 மட்டும். நம் கணக்கில் முதல் 30 டிகிரிக்கு ஆறு அரைஸ்வரம் கிடைக்க, கடைசி 30 டிகிரிக்கு இரண்டுகூடத் தேறவில்லை.

கோணமாக மாற்றிக் கணக்குப் போடலாம்தான். எனக்குப் பிடித்த வழி வேறு: கையை மேலே 45, கீழே 45 டிகிரிக்குள் மட்டும் பயன்படுத்துவது. அங்கே எண் -7 முதல் 7 வரை போகும், ஏறக்குறைய சமமாகவும் ஏறும். கிளிப் பெட்டியில் -7 7 போட்டு, பழைய கணக்கில் 9.8 இருந்த இடத்தில் 7, 19.6 இருந்த இடத்தில் 14. கைக்கும் இது நிம்மதி. கையை முழு வீச்சில் தூக்கி நிறுத்தி வாசித்தால் ஐந்தாவது நிமிடத்தில் தோள் கெஞ்சும்.

மோகனத்துக்குள் கொண்டுவருதல்

இதுவரை வந்தது சறுக்கும் ஒலி, தெரமின் மாதிரி. அதில் சுருதி சுத்தமாக நிற்க அசாத்தியக் காது வேண்டும். கிளாரா ராக்மோர் போன்ற ஒருசிலருக்குத்தான் அது கைவந்தது. புதியவர்களுக்கு ஸ்வரங்களைப் பிடித்துக் கட்டுவது நல்லது. மோகனத்தைச் சொல்லக் காரணம் எளிது: ஐந்தே ஸ்வரம், எதிலிருந்து எதற்குத் தாவினாலும் காதை உறுத்தாது.

ஸ ரி க ப த, மேல் ஸ ஆகியவற்றின் இடைவெளி 0, 2, 4, 7, 9, 12. இரண்டு ஸ்தாயிக்கு 14, 16, 19, 21, 24 சேர்த்தால் பதினொரு எண்கள். புட் மெனுவில் அரே (எண் வரிசை) ஒன்றை 11 அளவில் உருவாக்கி இவற்றை அதில் எழுதுங்கள். சாய்வு எண்ணை 24-க்குப் பதில் 10-ஆல் பெருக்கி, 0.5 கூட்டி, இன்ட் பெட்டியில் முழு எண்ணாக்கினால் 0 முதல் 10 வரை வரும். அதை டேப்ரீட் (tabread, பக்கத்தில் அரேயின் பெயர்) பெட்டிக்குக் கொடுத்தால் அந்த இடத்து ஸ்வரம் கிடைக்கும். அதோடு 48-க்குப் பதிலாக உங்கள் ஆதார ஸ-வைக் கூட்டுங்கள். ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு 49, ஐந்து கட்டைப் பெண் குரலுக்கு 55. பக்கத்தில் தம்பூரா ஒலிக்கவிட்டால் உடனே சங்கீதமாகத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையில் கை நடுங்கினால் ரி-யும் க-வும் மாறி மாறித் துடிக்கும். அதற்கு எண்ணைச் சற்று ஆற வைக்க வேண்டும். புதிய எண்ணில் 0.3 பங்கு, பழைய விடையில் 0.7 பங்கு என்று எக்ஸ்ப்ர் பெட்டியில் எழுதி (expr $f1*0.3+$f2*0.7), அதன் விடையை அதன் இரண்டாம் வாய்க்கே திருப்பி விடுங்கள். வினாடிக்கு 50 எண் வந்தால் இதனால் கூடும் தாமதம் பெரிதாகத் தெரியாது. 0.1 பங்கு என்று வைத்தால் நடுக்கம் முழுவதும் அடங்கும், ஆனால் ஸ்வரம் கைக்குப் பின்னால் தள்ளாடி வரும். எது சரி என்பது உங்கள் கையைப் பொறுத்தது.

ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் கமகம்? படிப்படியாகக் கட்டிய ஸ்வரத்தில் அது வராது, நேராகச் சொல்லிவிடுகிறேன். பேக் பெட்டியின் 20-ஐ 120 ஆக்கினால் ஜாரு மாதிரி ஒன்று கிடைக்கும். ஆனால் ராகத்தின் உயிர் என்று நாம் சொல்வது ஸ்வரங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. ஸ்வரங்களின் கட்டுகளை அவிழ்த்துவிட்டு மறுபடி சறுக்கும் ஒலிக்கே போய்ப் பழகினால்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியும். அது மாதக்கணக்கான சாதகம்.

கை நின்றால் ஒலி நிற்க

பலர் தவறவிடும் இடம் இது. ஓயாமல் ஊதிக்கொண்டே இருக்கும் ஒலியை மூன்று நிமிடத்துக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். பார்ப்பவருக்கும், கை ஒலியைச் செய்கிறது என்று தோன்றாது. ஓடும் ஒலியின் மேல் கை ஏதோ ஆட்டுகிறது என்றுதான் தோன்றும்.

கைரோவின் மூன்று எண்களையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். எக்ஸ்ப்ர் பெட்டி ஒரே வரியில் செய்யும். கை நிற்கும்போது 0, மணிக்கட்டு சுழலும்போது 3 வரை. அதை 3-ஆல் வகுத்து, கிளிப் 0 1 போட்டு, 0.2-ஆல் பெருக்குங்கள். இது இன்னொரு பேக், லைன்~ வழியாகப் போய், பெருக்கல்~ பெட்டியின் வலது வாயில் 0.1-க்குப் பதிலாக உட்காரட்டும். இந்த பேக்கில் 80 போடுங்கள், ஒலி வெடுக்கென்று அறுபடாது. கைரோ இல்லாத ஃபோனில், அக்ஸலரோமீட்டரின் மூன்று எண்களுக்கும் இதே வர்க்கமூலத்தை எடுத்து 9.8-ஐக் கழித்து, குறியை நீக்கிப் பயன்படுத்தலாம். கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும்.

இப்போது சாய்க்கும்போது மட்டும் ஸ்வரம் பிறக்கும், நிறுத்தினால் அடங்கும். கை வேகம் கூடினால் ஒலி கூடும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் கையில் இருப்பது வாத்தியம் என்று உடம்புக்குப் புரியும்.

தட்டும் தாமதமும்

உதறினால் ஒரு மணியோசை வேண்டுமா? அக்ஸலரோமீட்டரின் வர்க்கமூல எண் 20-ஐத் தாண்டினால் ஒலி என்று வையுங்கள். அதோடு விட்டால் ஒரு உதறலுக்கு நான்கைந்து மணி அடிக்கும், ஏனென்றால் எண் 20-ஐச் சுற்றித் துள்ளும். எண் 12-க்குக் கீழே இறங்கி, 150 மில்லி வினாடியும் கடந்த பிறகே அடுத்த மணிக்கு அனுமதி என்று சேர்த்தால் ஒன்றுக்கு ஒன்று அடிக்கும். 20-ம் 12-ம் என் கைக்குச் சரியானவை. உங்கள் உதறலை முதலில் ஃபைஃபாக்ஸில் பார்த்துவிட்டு வையுங்கள்.

தட்டு என்று வந்ததும் தாமதம் கண்ணில் படும். புளூடூத் இயர்ஃபோனைக் கழற்றி வையுங்கள். அது மட்டுமே 100, 200 மில்லி வினாடியைத் தின்றுவிடும். வயர் ஹெட்ஃபோன் அல்லது ஸ்பீக்கர்தான். பியூர் டேட்டாவின் ஒலி அமைப்பில் டிலே என்ற எண்ணை ஒலி கரகரக்கும் வரை குறைத்து, பிறகு ஒரு படி ஏற்றுங்கள்.

நடனம் ஆடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தட்டடவில் கால் விழும் கணமும் தாளத்தின் ஓசையும் ஒன்றாக இருக்கப் பழகிய உடம்பு, கொஞ்சம் பிந்தினாலும் கண்டுபிடித்துவிடும். காலில் ஃபோனைக் கட்டி ஜதிக்கு மிருதங்க ஒலி வரவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வைஃபை வழியாக அதைத் துரித காலத்தில் எதிர்பார்க்க வேண்டாம். கால் தன் ஓசையைத் தானே எழுப்பட்டும். முத்திரை விரியும் வேகம், உடல் சாயும் அளவு போன்ற மெல்ல மாறுபவற்றைக் கணினிக்குக் கொடுங்கள். ஓடுபவர்கள் புஜத்தில் கட்டும் ஃபோன் பட்டை இதற்கு உதவும்.

கேமராவுக்குப் போனால்

கூகுளின் மீடியாபைப், லேப்டாப் கேமராவிலேயே ஒரு கைக்கு 21 புள்ளிகளையும் முழு உடலுக்கு 33 புள்ளிகளையும் கண்டுபிடித்துத் தரும். ஒவ்வொரு புள்ளியின் இடமும் எண்தான், ஆகவே மேலே சொன்ன கணக்கின் வழி இங்கேயும் செல்லும், எண்களின் எல்லைகளை மட்டும் மாற்ற வேண்டும். கேமரா வினாடிக்கு 30 படம் எடுத்தால் படத்துக்குப் படம் 33 மில்லி வினாடி. கண்டுபிடிக்கும் நேரம் அதற்கு மேல். அதனால் தட்டுக்கு ஆகாது, நீண்ட ஒலிகளுக்கு நன்றாகப் பொருந்தும். இருட்டினால் பல வெப்கேமராக்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எனவே முகத்துக்கு எதிரே நல்ல விளக்கு ஒன்று வையுங்கள்.

இருபத்தொரு புள்ளி கிடைத்ததும் எல்லாவற்றையும் எதனுடனாவது இணைத்துவிடத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். ஆட்காட்டி விரல் நுனியின் உயரம், கட்டைவிரலுக்கும் அதற்கும் உள்ள தூரம் ஆகிய இரண்டே போதும்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு ரெபேக்கா ஃபீப்ரிங்க் செய்த வெகினேட்டர் இருக்கிறது. 'கை இப்படி இருந்தால் ஒலி இப்படி' என்று சில மாதிரிகளைக் காட்டினால், இடைப்பட்டவற்றை அதுவே ஊகித்துக்கொள்ளும். எண்களை 6448 என்ற போர்ட்டில் வாங்கி, 12000-ல் விடை அனுப்பும். நடக்கவோ கை தூக்கவோ முடியாத குழந்தைகளுக்காக இசையமைப்பாளர் பாலின் ஆலிவரோஸ் முன்னின்று உருவாக்கிய ஆமி (AUMI) என்ற செயலியும் கேமராவைத்தான் நம்புகிறது. தலையை லேசாக அசைத்தாலே போதும், ஒலி வரும். சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள் கட்டாயம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நாலு பேர் முன்னால்

அரங்கத்தின் வைஃபையை நம்ப வேண்டாம். நூறு ஃபோன்கள் உள்ளே வந்ததும் உங்கள் எண்கள் திக்கித் திக்கித்தான் வரும். சின்ன ரௌட்டர் ஒன்றைச் சொந்தமாகக் கொண்டுபோங்கள். ஃபோனில் அழைப்புகளை நிறுத்துங்கள், திரை அணையாதபடி வையுங்கள். திரை அணைந்தால் சில செயலிகள் அனுப்புவதையே நிறுத்திவிடும். வியர்த்த கையிலிருந்து ஃபோன் பறக்காமல் இருக்க மணிக்கட்டுக் கயிறு ஒன்று. பெட்டிகள் நிறைந்த கோப்பைத் தேதியோடு வேறு பெயரில் சேமித்துவிட்டு, நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் முதல் அதில் கை வைக்காதீர்கள். லேப்டாப்பின் ஐபி முகவரி அரங்கத்தில் மாறியிருக்கலாம், அதை மட்டும் ஒலிச் சோதனையின்போதே ஃபோன் செயலியில் புதிதாக அடித்துவிடுங்கள்.